கம்பி எட்டாத காப்பித் தோட்டத்துக்குக் கலப்பு மின்சாரம்: வாங்கும் முன் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஏற்காடு டவுனுக்கும் சுற்றியுள்ள பெரும்பாலான கிராமங்களுக்கும் மின்கம்பி வந்து வெகுகாலம் ஆகிறது. சிக்கல் அந்தக் கம்பி முடிகிற இடத்துக்கு அப்பால்தான். ஜீப் மட்டும் போகிற பாதையின் கடைசியில் ஒரு காப்பித் தோட்டம், தொழிலாளர்களுக்கான ஆறு லைன் வீடுகள், ஓர் ஆபீஸ் அறை, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரத்துக்கு ஒரு கொட்டகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை கம்பி இழுக்கச் செலவு அதிகம். இழுத்தாலும் மழைக்காலத்தில் ஒரு சில்வர் ஓக் கிளை விழுந்தால் நாள்கணக்கில் இருட்டு. இப்படிப்பட்ட இடத்துக்குச் சோலார், ஓடைத் தண்ணீர், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் ஆகியவற்றைக் கலந்து மின்சாரம் கொடுக்கலாம். எதை எவ்வளவு வாங்குவது என்பதைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடலாம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை, எக்செல் ஓரளவு தெரிந்தால் போதும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த மென்பொருளும் சராசரி ஆண்டை அழகாகக் காட்டிவிடும். ஆனால் மலையில் ஒரு திட்டம் சராசரி நாளில் படுத்துக்கொள்வதில்லை, மூடுபனி விலகாத வாரத்தில்தான் படுத்துக்கொள்கிறது. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்த வாரத்தை மனதில் வைத்தே தகவல் சேகரியுங்கள்.

உள்ளே நடக்கிற கணக்கு

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மென்பொருள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: இந்த மணியில் சோலாரும் ஓடையும் எவ்வளவு தந்தன, வீடுகளும் மோட்டாரும் எவ்வளவு எடுத்தன? மிச்சமானால் பேட்டரிக்கு வரவு, குறைந்தால் பேட்டரியில் பற்று. பேட்டரி அடிமட்டத்தைத் தொட்டால் ஜெனரேட்டரை ஓட்டு. அதுவும் போதாவிட்டால் அந்த மணி 'தராத மின்சாரம்' என்று பதிவாகும். வங்கிப் பாஸ்புக்கை 8,760 வரிக்கு எழுதுவதுபோல, அவ்வளவுதான்.

பிறகு பேனல் 3 கிலோவாட்டானால் என்ன, 5 ஆனால் என்ன, பேட்டரி இரட்டிப்பானால் என்ன என்று ஒவ்வொரு கலவைக்கும் அதே பாஸ்புக்கைத் திரும்ப எழுதுகிறது. ஐந்து பேனல் அளவு, ஐந்து பேட்டரி அளவு, மூன்று இன்வெர்ட்டர், ஓடை உண்டு அல்லது இல்லை, ஜெனரேட்டர் உண்டு அல்லது இல்லை என்று கொடுத்தால் மொத்தம் 300 கலவைகள். கையால் ஆகாது. கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை.

எதில் ஓட்டுவது

இந்தத் துறையில் முதலில் காதில் விழும் பெயர் ஹோமர். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் 1990களில் உருவானது. 2009-ல் தனி நிறுவனமாகப் பிரிந்தது, 2019-ல் யு.எல். நிறுவனம் அதை வாங்கியது. கட்டண மென்பொருள், ஆனால் சில நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்க விடுவார்கள். கம்பி இல்லாத இடத்துக்கு இதைப்போல வசதியானது வேறில்லை என்பது என் எண்ணம். அதே ஆய்வகத்தின் சாம் முழுக்க இலவசம், சோலார் கணக்கில் மிக நுணுக்கமானது. ஆனால் டீசலும் ஓடையும் கலந்த, கம்பியோடு சேராத தனி அமைப்புக்கு அது அவ்வளவு தோதாக இல்லை. கனடா அரசின் ரெட்ஸ்கிரீன் முதலீட்டுக் கணக்குக்கு நல்லது.

இவற்றில் எதையும் தொடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி எக்செல்லில் ஒரு வாரத்துக்கான 168 வரியை நீங்களே எழுதிப் பாருங்கள். மணி, லோடு (அந்த மணியில் எடுக்கும் மின்சாரம்), சோலார் வரவு, ஓடை வரவு, பேட்டரி இருப்பு, டீசல் என்று ஆறு பத்தி. அதை எழுதியவர்களுக்கு ஹோமரின் எந்தத் திரையும் புதிராகத் தெரியாது.

முதல் படி: லோடு பட்டியல்

மொத்த வேலையில் பாதி இதுதான். தோட்டத்துக்கு நேரில் போய், வீடு வீடாகக் கேட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை வாட், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று எழுதுங்கள். நம் உதாரணத் தோட்டத்துக்குக் கணக்கு போடுவோம்.

ஒரு லைன் வீட்டில் 9 வாட் எல்.இ.டி. நாலு, இரவு ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. 60 வாட் டி.வி. நாலு மணி நேரம்: 240. செல்போன்கள் 30. மிக்சி கால் மணி நேரம்: 125. மொத்தம் 575. ஆறு வீட்டுக்கு ஏறத்தாழ 3.5 யூனிட் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). மின்விசிறி? ஏற்காட்டு உயரத்தில் பெரும்பாலும் தேவைப்படாது. சேலத்து வீட்டுப் பட்டியலைக் காப்பியடித்தால் இங்கேயே கணக்கு பிசகும். ஆபீஸில் பிரிட்ஜ், ரூட்டர், கணினி, கேமரா சேர்ந்து 2 யூனிட். ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் இரண்டு மணி நேரத்துக்கு 2 யூனிட். விடிய விடிய எரிகிற வெளி விளக்கு நாலுக்கு 1 யூனிட். ஆக நாளொன்றுக்குச் சுமார் 8.5 யூனிட்.

இத்தோடு நிறுத்தினால் ஆண்டில் ஒன்பது மாதத்துக்குச் சரி. நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கும். அராபிகா பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பரில் விட்டாக வேண்டும், கிடந்தால் புளித்துத் தரம் போய்விடும். 3 ஹெச்.பி. மோட்டார் ஏறத்தாழ 2.8 கிலோவாட் எடுக்கும். மூன்று மணி நேரம் ஓடினால் இன்னும் 8.4 யூனிட். லோடு ஒரேயடியாக இரட்டிப்பாகிறது. அதுவும் எந்த நேரத்தில்? பறிப்பு முடிந்து, எடை போட்டு, பழம் கொட்டகைக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். வெயில் இறங்கிய பிறகு, ஆண்டின் மங்கலான மாதங்களில், உச்ச லோடு. இந்த ஒரு வரி பட்டியலில் விடுபட்டுப்போனால் மென்பொருள் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டும் பயனில்லை.

ஹோமரில் லோடை மாதவாரியாக, 24 மணிக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். எல்லா மாதத்துக்கும் ஒரே வரைபடத்தை ஒட்டாமல் நவம்பர், டிசம்பர், ஜனவரிக்கு வேறு போடுங்கள். 'நாளுக்கு நாள் மாறுபாடு' என்ற பெட்டியில் அதுவே 10 சதவீதமும், 'மணிக்கு மணி' என்பதில் 20-ம் போட்டு வைத்திருக்கும். முதல் ஓட்டத்துக்கு அப்படியே விடலாம்.

தண்ணீர் மோட்டாரைச் சாதாரண லோடில் சேர்க்காதீர்கள். அதற்கென்று 'தள்ளிப்போடக்கூடிய லோடு' என்று தனி இனம் உண்டு. மேலே தொட்டி இருக்கிறது, இன்று எந்த நேரத்தில் ஏற்றினாலும் சரிதான். தொட்டி எத்தனை யூனிட்டுக்குச் சமமான தண்ணீரைத் தாங்கும் என்று கொடுத்தால், மென்பொருளே வெயில் மிச்சமிருக்கும் நேரத்தில் மோட்டாரைப் போட்டுக்கொள்ளும். பேட்டரியைவிடத் தண்ணீர்த் தொட்டி மலிவு என்பது இங்கேதான் தெரியும்.

இரண்டாம் படி: வெயில்

நாசாவின் பவர் தளத்தில் அட்சரேகை 11.78, தீர்க்கரேகை 78.21 என்று ஏற்காட்டுக்குப் போட்டால் பல ஆண்டுத் தகவல் இலவசமாக இறங்கும். எல்லாரும் செய்வது இதைத்தான். ஆனால் அந்தத் தகவலின் சூரிய ஒளிக் கட்டம் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி, அதாவது ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சதுரம். அதற்குள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் வரும், சேலம் சமவெளியும் வரும். உங்கள் தோட்டத்தில் பதினோரு மணிவரை நிற்கிற பனி அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. அமெரிக்க ஆய்வகத்தின் என்.எஸ்.ஆர்.டி.பி. தொகுப்பில் தெற்காசியாவுக்கு 2000 முதல் 2014 வரை சுமார் 10 கிலோமீட்டர் கட்டத்தில் மணிவாரித் தகவல் உண்டு. மலைக்கு அது எவ்வளவோ மேல். ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். தளம் சுற்றியுள்ள மலை முகடு எந்த நேரத்தில் வெயிலை மறைக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பள்ளத்தில் இருக்கும் தோட்டத்துக்கு அதைக் கட்டாயம் பாருங்கள்.

மணிவாரித் தகவலை இறக்கும்போது நேர மண்டலத்தைக் கவனிக்க வேண்டும். உலகப் பொது நேரத்தில் இறக்கிவிட்டு மாற்ற மறந்தால் ஐந்தரை மணி நேரம் பின்வாங்கிவிடும், நண்பகல் வெயில் காலை ஆறரைக்கு வந்து நிற்கும். ஒரு நாளின் வரைபடத்தை மட்டும் திறந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

வெப்பநிலையையும் திருத்துங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்தால் மலை எட்டு டிகிரி குளிர்ச்சி. பேனல் சூடு குறைந்தால் விளைச்சல் கூடும், டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம். ஆக மலைக்கு மூன்று சதவீதம் லாபம். பெரிய தொகை இல்லை, ஆனால் சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

பேனலைத் தெற்கு பார்த்து, அட்சரேகை அளவான 12 டிகிரிச் சாய்வில் வைப்பது வழக்கம். நம் உச்ச லோடு டிசம்பரில் வருகிறது. அப்போது நண்பகல் சூரியனே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் 20, 25 டிகிரிச் சாய்விலும் ஓட்டிப் பாருங்கள். ஆண்டு மொத்தம் கொஞ்சம் குறையும், அறுவடை மாதத்தில் கூடும். எனக்கு அந்தப் பேரம் பிடிக்கும். பேனல் மேல் மரநிழல் விழுமா என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. காப்பிக்கு நிழல் கட்டாயம், பேனலுக்கு நிழல் ஆகாது. காப்பியைக் காயப்போடுகிற களத்தின் ஓரமோ பல்ப்பர் கொட்டகைக் கூரையோதான் பெரும்பாலும் திறந்தவெளியாகக் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஓடை

சேர்வராயனில் இதை விட்டுவிட்டுச் சோலார் மட்டும் கணக்கிடுபவர்கள் நல்ல வாய்ப்பை இழக்கிறார்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இந்த மலைக்கு உண்டு. வெயில் மங்கும் மாதங்களில்தான் ஓடை நிறையும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுகிறது.

அளப்பது எளிது. ஓடையைச் சிறு குழாய்க்குள் திருப்பி 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். நாலு நொடி என்றால் நொடிக்கு 5 லிட்டர். தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைன் வைக்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 20 மீட்டர் என்று வையுங்கள். 9.81-ஐ 5-ஆல், பிறகு 20-ஆல் பெருக்கி, சிறிய டர்பைனுக்குத் திறன் பாதி என்று வைத்தால் 490 வாட் வரும். பார்க்கச் சின்னதுதான். ஆனால் அது இரவும் பகலும் ஓடும், நாளுக்கு 11.8 யூனிட். நம் தோட்டத்தின் சாதாரண நாள் லோடையே அது தாண்டிவிடுகிறது.

ஒரே ஒரு தடவை, அதுவும் அக்டோபரில் அளந்துவிட்டு ஆண்டு முழுக்க அதையே போடாதீர்கள். கோடையில் கிளியூர் அருவியே மெலிந்துபோகும், உங்கள் ஓடை எம்மாத்திரம். மாதம் ஒருமுறை வாளி வைத்து அளந்து பன்னிரண்டு எண்களும் கொடுங்கள். ஓடையில் கீழே இருப்பவர்களுக்கு விட வேண்டிய பங்கை முதலிலேயே கழித்துவிடுங்கள். அதற்கென்று மென்பொருளில் 'மிச்ச ஓட்டம்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஓடை காட்டு நிலத்தில் போனால் வனத்துறையிடம் பேசிய பிறகுதான் மற்றதெல்லாம்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக

மலை என்றாலே காற்றாலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய் இரண்டும் காற்றை ஒடுக்கி வேகப்படுத்துகிற இடங்கள். சேர்வராயன் அப்படி இல்லை. காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும்: நொடிக்கு 4 மீட்டரிலிருந்து 5 ஆனால் ஏறக்குறைய இரட்டிப்பு, 3 ஆனால் பாதிக்கும் கீழே. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. சில்வர் ஓக் உச்சிக்குக் கீழே கம்பம் நட்டால் விசிறி சும்மா நிற்கும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உலகக் காற்று வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பாருங்கள். திறந்த முகடாக இருந்தால் ஒரு கிலோவாட் காற்றாலையைக் கலவையில் சேர்த்து ஓட்டுங்கள். தோற்றால் தோற்கட்டும்.

நாலாம் படி: சாமான்களும் அவற்றின் குணமும்

பேட்டரியில் அட்டையில் உள்ள எண்ணைப் போடாதீர்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (ஈய-அமில வகை) என்றால் 1.8 யூனிட். ஆனால் ஆயுள் நீடிக்கப் பாதிதான் எடுக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுக்கலாம், போட்டு எடுப்பதில் விரயமும் குறைவு.

டீசல் ஜெனரேட்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: சும்மா ஓடினாலும் குடிக்கும். கொள்திறனில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மணிக்கு 0.08 லிட்டர் வெறும் ஓட்டத்துக்கு, அதற்கு மேல் தருகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 0.25 லிட்டர் என்று பொதுவாகக் கணக்கிடலாம். 5 கிலோவாட் ஜெனரேட்டரை 1 கிலோவாட் லோடுக்கு ஓட்டினால் யூனிட்டுக்கு 0.65 லிட்டர். 4 கிலோவாட் லோடுக்கு ஓட்டினால் 0.35 லிட்டர். ஏறக்குறைய பாதி. அதனால் 'குறைந்தபட்ச லோடு' பெட்டியில் 30 சதவீதம் போடுங்கள். அப்புறம் ஹோமர் இரண்டு ஓட்டும் முறைகளைத் தரும். ஒன்றில் தேவைக்கு மட்டும் ஜெனரேட்டர் கொடுக்கும். மற்றதில் ஓடத் தொடங்கினால் முழுவீச்சில் ஓடி மிச்சத்தைப் பேட்டரியில் போடும். இரண்டையும் தேர்ந்தெடுத்து விடுங்கள், எது மலிவு என்று அதுவே சொல்லட்டும்.

விலைக்கு இணையத்தை நம்ப வேண்டாம். சேலத்தில் நாலு கடையில் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். அதன் மேல் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டி வாடகை, அங்கிருந்து ஜீப், ஜீப் போகாத இடத்துக்குச் சுமைகூலி எல்லாம் சேருங்கள். டீசல் விலையும் அப்படியே. பங்க் விலை ஒன்று, கேன் தோட்டத்துக்கு வந்து இறங்கும்போது வேறொன்று. வட்டிக்கு வங்கி விகிதம் 10, விலைவாசி ஏற்றம் 5 என்று கொடுத்தால் மென்பொருள் உண்மை விகிதத்தை 4.76 என்று எடுத்துக்கொள்ளும். திட்ட ஆயுள் 25 ஆண்டு. அதற்குள் பேட்டரியும் இன்வெர்ட்டரும் மாற்ற வேண்டிவரும், மாற்றுச் செலவுப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஓட்டி, விடையைப் படிப்பது

பொத்தானை அழுத்தினால் கலவைகள் மலிவு வரிசையில் அடுக்கி வரும். முதல் வரியை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அதைவிட முதல் பத்து வரியையும் பாருங்கள். 25 ஆண்டு மொத்தச் செலவில் முதலாவதற்கும் நாலாவதற்கும் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம், ஆனால் நாலாவதில் டீசல் பாதி என்றால் நான் நாலாவதையே எடுப்பேன். மலைமேல் கேன் தூக்குவதற்கு ஆள் கிடைப்பது மென்பொருளுக்குத் தெரியாத செலவு.

'தராத மின்சாரம்' எத்தனை சதவீதம் என்று பார்த்தால் மட்டும் போதாது, அது எந்த மாதத்தில் குவிகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு 2 சதவீதம் என்பது கேட்கச் சின்னது. அது முழுக்க அறுவடையில் விழுந்தால் ஒரு வாரத்துப் பழம் வீண். 'வீணாகும் மின்சாரம்' ஏப்ரலில் மிக அதிகமாக இருந்தால் பேனல் கூடிவிட்டது என்று பொருள் இல்லை. நவம்பருக்காக வாங்கிய பேனல் ஏப்ரலில் மிஞ்சத்தான் செய்யும்.

கம்பி இழுப்பதோடு ஒப்பிட ஒரு வசதி உண்டு. கிலோமீட்டருக்கு இழுப்புச் செலவு, யூனிட் விலை இரண்டையும் கொடுத்தால் எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் தனி மின்சாரம் மலிவு என்று சொல்லும். உங்கள் தூரம் அதற்குள் வந்தால் மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள், மனம் தளர வேண்டாம்.

ஆறாம் படி: கெட்ட வாரம்

மாதச் சராசரி மட்டும் கொடுத்தால் மென்பொருள் மணிவாரி வெயிலைத் தானே உருவாக்கும். அது புள்ளியியல்படி நியாயமானதுதான், ஆனால் ஐந்து நாள் தொடர் மூடுபனியை அது வரவழைக்கும் என்று உறுதி இல்லை. நீங்களே வரவழையுங்கள். மணிவாரிக் கோப்பில் நவம்பரின் தொடர்ச்சியான ஐந்து நாளை எடுத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, திரும்ப ஏற்றி ஓட்டுங்கள்.

கையாலேயே போட்டுப் பாருங்கள். பேனல் 4 கிலோவாட், நல்ல நாளில் 5 மணி வெயிலுக்குச் சமம், விரயம் போக 0.75: 15 யூனிட். பனி நாளில் ஒன்றரை மணி வெயில்: 4.5 யூனிட். பேட்டரியில் எடுக்கக்கூடியது 8 யூனிட். சாதாரண லோடுக்கு நாளுக்கு 4 யூனிட் பற்று விழும், இரண்டு நாள் தாங்கும். பல்ப்பர் நாளில் 12 யூனிட்டுக்கு மேல் பற்று, முதல் இரவே காலி. இந்த இடைவெளியைப் பேட்டரியைப் பல மடங்கு கூட்டி அடைக்கலாம். ஓடை ஓடினால் அதன் 11.8 யூனிட்டே ஏறக்குறைய அடைத்துவிடும். அல்லது பல்ப்பரை மட்டும் மாலையில் நேரடியாக ஜெனரேட்டரில் போடலாம், மோட்டார் லோடில் அது திறமையாகவே எரிக்கும். மூன்றையும் ஓட்டி ஒப்பிடுங்கள். பேட்டரியை மட்டும் கூட்டுகிற வழி பெரும்பாலும் கடைசி இடத்துக்குத்தான் வரும். மூன்று மாத வேலைக்கு வாங்கியதை மற்ற ஒன்பது மாதமும் சும்மா வைத்துக் காக்க வேண்டுமே.

இதோடு டீசல் விலையை இன்றைய விலை, பத்து ரூபாய் கூட, இருபது ரூபாய் கூட என்று மூன்றாகவும், ஓடை நீரை முழுசு, முக்கால், பாதி என்றும் கொடுத்து ஓட்டுங்கள். எல்லாக் கட்டத்திலும் முதல் ஐந்துக்குள் நிற்கிற கலவை எதுவோ அதை வாங்கலாம்.

மணிக்கணக்கு பார்க்காதவை

மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். மணிவாரிக் கணக்கில் அந்த நொடி மறைந்துபோகும். ஆகவே மென்பொருள் சொன்ன இன்வெர்ட்டர் அளவை அப்படியே வாங்கினால் பல்ப்பர் போட்டதும் ட்ரிப் ஆகும். பல்ப்பருக்கு மோட்டாரை மெதுவாகக் கிளப்புகிற வி.எப்.டி. டிரைவ் போடுங்கள், அல்லது இன்வெர்ட்டரின் உடனடி உச்சத் திறனை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏப்ரல், மே இடிமழைக்குச் சர்ஜ் பாதுகாப்பும் நல்ல எர்த்தும் விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும். பாறை மண்ணில் எர்த் குழி தோண்டும் கூலி சமவெளியைவிடக் கூடுதல்.

ஆர்டர் கொடுக்கும்போது மணிவாரி லோடு பட்டியலையும் கெட்ட வாரத்தின் பேட்டரி வரைபடத்தையும் விலைப்புள்ளியோடு இணைத்துக் கொடுங்கள். எத்தனை கிலோவாட் என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அந்த வாரத்தில் பேட்டரி எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று கேட்டால் பதில்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். முதல் ஆண்டு முழுக்க இன்வெர்ட்டர் பதிவை மாதம் ஒருமுறை இறக்கி, நீங்கள் ஓட்டிய கணக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டாம் அறுவடைக்கு முன் பேனல் சேர்ப்பதா, பல்ப்பர் நேரத்தை மாற்றுவதா என்பதை அந்தப் பதிவை வைத்து முடிவு செய்யலாம்.